கவுண்டரில் கலக்க வேண்டாம், அண்ணாச்சி

சாயர்புரம், நட்டாத்தி, சிவத்தையாபுரம், பெருங்குளம், ஏரல் வட்டார மருந்துக் கடை அண்ணாச்சிமாருக்கும், கடையில் நின்று மருந்தெடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைமாருக்கும் எழுதுவது.

ஆடிக் காற்று கிளம்பிவிட்டது. தேரிப் பக்கம் செம்மண் பறக்கிறது. வாழையில் சருகு அறுக்கிறவர்கள், பனையில் மட்டை கழிக்கிறவர்கள், உடைமுள் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், உப்பளத்துக்குப் பைக்கில் போய்வருகிறவர்கள் என்று இந்த இரண்டு மாதமும் உங்கள் கடைக்கு ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, கண்ணு கரகரன்னு இருக்கு. நல்ல சொட்டு மருந்தா ஒன்னு தாங்க" என்பார்கள். நீங்கள் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுக்கிற குப்பி எதுவென்று எனக்குத் தெரியும். பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மருந்து, கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இரண்டும் ஒரே குப்பியில். அந்தக் குப்பியை முன்வைத்துத்தான் இந்த மடல்.

நானும் இந்த ஊர்க்காரன். கண் மருத்துவமனை ஒன்றின் லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம் ஊர்களில் கண் டாக்டரைப் பார்க்க வழியில்லை என்பதும், நீங்கள் "இல்லை" என்றால் அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய் அதையே வாங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் குப்பி போய்ச் சேருகிற கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

லேபுக்கு வருகிற நோயாளி பெரும்பாலும் தனியாக வரமாட்டார். கூடவே ஒரு பாலிதீன் பை வரும். அதற்குள் பாதி காலியான மூன்று நான்கு சொட்டு மருந்துக் குப்பிகள், ஒரு ஆயின்மென்ட் குழாய், மூலையில் மடித்து வைத்த மாத்திரைப் பட்டை. எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்க வேண்டியதே இல்லை, பைமேல் கடைப் பெயர் அச்சடித்திருக்கும். டாக்டர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, ஸ்லிட் லேம்ப்பில் முகத்தை வைக்கச் சொல்லி, சின்ன பிளேடால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் மெல்லச் சுரண்டுவார். குண்டூசித் தலை அளவுகூட இருக்காது அந்தச் சுரண்டல். அதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு, மேலே கவர் ஸ்லிப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால், கண்ணின் செல்கள் கரைந்துபோகும். பூஞ்சையின் சுவர் கரையாது. பிறகு லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: கண்ணாடி போன்ற இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, நடுநடுவே குறுக்குத் தடுப்போடு ஓடிக்கொண்டிருக்கும். சில ஸ்லைடில் தேடித் தேடி ஒன்று கிடைக்கும். ஸ்டீராய்டு விட்டு வந்த கண் என்றால் தேடவே வேண்டாம், ஒரு புலம் முழுக்க இழையாக இருக்கும்.

ஃப்யூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ். இந்த இரண்டு பெயரும்தான் நம் பக்கத்துக் கண்களில் அதிகம். இரண்டும் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தவை இல்லை. நம் மண்ணிலும், மட்கிய சருகிலும், தானியத் தூசியிலும் காலங்காலமாக இருப்பவை. கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை அவற்றால் உள்ளே போக முடியாது. ஒரு சருகு நுனி, ஒரு பனங்கருக்கு, ஒரு மணல் துகள் அந்தத் தோலைக் கீறினால் போதும். 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். 3183 புண்களில் 1095 பூஞ்சையால் வந்தவை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அந்தப் பூஞ்சைக் கண்களில் பெரும்பாலானவை விவசாய வேலை செய்கிறவர்களுடையவை, முன்னதாக ஏதோ அடிபட்டவை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ கருவிழிப் புண் என்றால் கான்டாக்ட் லென்ஸையும் பாக்டீரியாவையும் முதலில் நினைப்பார்கள். இங்கே அப்படி நினைத்தால் மூன்றில் ஒரு கண்ணுக்கு மருந்தே போகாது.

உங்கள் குப்பியில் இருக்கிற பாக்டீரியா மருந்துக்குப் பூஞ்சை அசையாது. ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடவே தொடாது, கண்ணின் எதிர்ப்பைத்தான் அடக்கும். சிவப்பு இறங்கும், வலி குறையும், மூன்றாம் நாள் அந்த ஆள் உங்களிடமே வந்து "நல்லா கேட்டுது அண்ணாச்சி, இன்னொன்னு தாங்க" என்பார். அந்த மூன்று நாளும் இழை கருவிழிக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். பத்தாம் நாள் "கண்ணுல பூ விழுந்துட்டு" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பூஞ்சைப் புண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, ஆரம்பத்தில் பாக்டீரியாப் புண் அளவுக்கு ஆர்ப்பாட்டம் பண்ணாது. அதனால்தான் இந்த ஏமாற்றம் இவ்வளவு எளிதாக நடக்கிறது.

"ஸ்டீராய்டை விடுங்க, நல்ல மருந்துகளையே இரண்டு மூன்றாகச் சேர்த்தால் நல்லதுதானே, ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்குமே" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் உள்ளதில்லை. டாக்டர்களுக்கும் இருந்தது. அது சரியா என்று நிதானமாகச் சோதித்துப் பார்த்த இடம் நமக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற மதுரை. உலகமே இன்று பூஞ்சைக் கண்ணுக்கு மருந்து எழுதும்போது மதுரைக் கணக்கைத்தான் எடுத்துப் பார்க்கிறது. நம் பக்கத்து விவசாயிகளின் கண்ணிலிருந்து வந்த கணக்கு அது.

முதலில் பூஞ்சைக் கண்ணுக்கு எழுதுகிற மருந்தைச் சொல்லிவிடுகிறேன். நேட்டமைசின், 5 சதவீதம். 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்தது. பார்த்தால் மோர்த் தண்ணி போல வெள்ளையாக இருக்கும், நின்றால் அடியில் தங்கிவிடும். பழைய மருந்து. அது கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்று எல்லாரும் குறை சொல்வார்கள். அதனால் கூட ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போம் என்ற ஆசை எப்போதும் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நேட்டமைசினோடு எக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சைச் சொட்டையும் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். நேட்டமைசின் மட்டும் விட்ட கண்ணைவிடச் சேர்த்து விட்ட கண் ஒன்றும் மேலாக இல்லை. அது 2000களின் தொடக்கம்.

அதற்குள் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வந்துவிட்டது. புதியது, விலை கூடியது, கருவிழிக்குள் நன்றாக இறங்குவது. புதுசு வந்தால் பழசை ஓரங்கட்டுவது மருந்துலகத்திலும் வழக்கம்தான். மதுரையில் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா, டாக்டர் எம். சீனிவாசன் முதலானவர்களும் சான் ஃப்ரான்சிஸ்கோவின் ப்ராக்டர் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து, யாருக்கு எந்தக் குப்பி என்று நோயாளிக்கும் தெரியாமல் டாக்டருக்கும் தெரியாமல் 323 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013இல் வந்தது. பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது. மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பலகையில் நேட்டமைசின்காரர்கள் ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃப்யூசேரியம் கண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நான்கு வரி. நான்கு வரி என்றால் எதிரே வருகிற ஆளின் முகம் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம். வோரிகோனசோல் விட்டவர்களுக்குத்தான் கண் ஓட்டை விழுந்து அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டிய நிலையும் அதிகம் வந்தது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வந்தது. புண் முற்றிப்போனவர்களுக்குச் சொட்டோடு வோரிகோனசோல் மாத்திரையையும் சேர்த்தால்? இந்தியாவிலும் நேபாளத்திலுமாக 240 பேர். எல்லாருக்கும் பூஞ்சைச் சொட்டு உண்டு, பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2016இல் வெளியான முடிவின்படி, கண் ஓட்டை விழுவதையோ அவசரக் கருவிழி மாற்றத்தையோ மாத்திரை கணிசமாகக் குறைக்கவில்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்ட 119 பேரில் 58 பேருக்கு ஏதாவதொரு உடல் தொந்தரவு, வெறும் மாத்திரை சாப்பிட்ட 121 பேரில் 28 பேருக்கு. பின்னால் பிரித்துப் பார்த்தபோது ஃப்யூசேரியம் கண்ணில் மாத்திரைக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று ஒரு சாடை தெரிந்தது. அதனால்தான் சில டாக்டர்கள் ஆள் பார்த்து, கல்லீரல் சோதனை பார்த்து அதை எழுதுகிறார்கள். அதுவும் சரி. 2019இல் வந்த புதுச்சேரி அரவிந்த் ஆய்வு ஒன்றில் நேட்டமைசினோடு வோரிகோனசோலைக் கருவிழிக்குள்ளேயே ஊசியால் போட்டுப் பார்த்தார்கள். கேட்கவே நம்பிக்கை தருகிற யோசனை. அதிலும் பலன் தெரியவில்லை, ஓட்டை விழும் அபாயம்தான் கூடியதுபோல் இருந்தது.

ஏன் இப்படி? இரண்டு மருந்தும் பூஞ்சையின் மேலுறையில் இருக்கிற எர்கோஸ்டெரால் என்ற ஒரே பொருளைச் சுற்றியே வேலை செய்கின்றன. நேட்டமைசின் அதைப் பற்றிப் பிடித்துப் பூஞ்சையைச் செயலிழக்க வைக்கும். வோரிகோனசோல் வகையறா அந்த எர்கோஸ்டெரால் உருவாவதையே தடுக்கும். இது தடுத்துவிட்டால் அதற்குப் பிடிக்க என்ன இருக்கும் என்ற சந்தேகம் வெகுநாளாகவே உண்டு. கண்ணில் நடந்தது அதுதானா என்று அடித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் இரண்டு நல்ல மருந்து சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்பது கணக்கில்லை என்று மட்டும் சொல்வேன்.

சேர்த்தே தீர வேண்டிய இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாகப் பேசியதாகிவிடும். எச்ஐவி முற்றியவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையில் ஏறும். ஆம்ஃபோடெரிசின் ஊசிதான் அதற்குப் பழைய மருந்து. ஃப்ளூசைட்டோசின் என்று இன்னொன்று. 1957இல் புற்றுநோய்க்கென்று உருவாக்கி, அதற்கு உதவாமல் போய், பூஞ்சைக்குப் பயன்பட்ட மருந்து. அதைத் தனியாகக் கொடுத்தால் பூஞ்சை சீக்கிரமே பழகித் தப்பித்துவிடும். ஆம்ஃபோடெரிசினோடு கொடுத்தால் கதை வேறு: ஆம்ஃபோடெரிசின் மேலுறையில் ஓட்டை போடும், ஃப்ளூசைட்டோசின் உள்ளே நுழைந்து பூஞ்சை பெருகுவதற்கு வேண்டிய அடிப்படை வேலையைக் கெடுக்கும். வியட்நாமில் 299 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எழுபதாம் நாளில் ஆம்ஃபோடெரிசின் மட்டும் கொடுத்த பிரிவில் 44 பேர் இறந்திருந்தார்கள், ஃப்ளூசைட்டோசின் சேர்த்த பிரிவில் 30 பேர். அதன்பிறகு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளை வைத்து 2022இல் உலக சுகாதார நிறுவனம், லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பெரிய அளவில் ஒரே ஒரு டோஸ், கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் என்று மூன்றைச் சேர்த்துத் தரச் சொல்கிறது. அங்கே கூட்டு மருந்துதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில், குளிக்கப் போகிறவன் கயிற்றைக் கூடப்பிறந்தவனைவிட மச்சானிடம்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதாம். ஒருவன் குளிப்பான், ஒருவன் கயிறு பிடிப்பான். மருந்துக் கூட்டும் அப்படி ஆளுக்கொரு வேலையாக அமைந்தால்தான் கூட்டு. இரண்டு பேரும் கடலுக்குள் குதித்தால் மேலே இழுக்க ஆளிருக்காது. எது எதோடு சேரும் என்பதை யாரும் ஊகித்துச் சொல்ல முடியாது, பெரிய டாக்டராலும் முடியாது. நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்து எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

உங்கள் கவுண்டரில் இருக்கிற கூட்டுகளில் பலவும் அப்படி யாரும் எண்ணிப் பார்த்து வந்தவையில்லை. படர்தாமரைக்கு விற்கிற க்ரீமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய்க்குள் ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, இன்னொன்று, அதற்குமேல் க்ளோபெட்டசால் என்ற வலுவான ஸ்டீராய்டு. தடவிய அன்றே அரிப்பு நிற்கும். அதனால்தான் அது விற்கிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வரும், தோல் மெலிந்து கோடு விழும். 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, சுற்றிச் சுற்றி வந்து 2018 செப்டம்பரில் 328 கூட்டுகளுக்குத் தடை வந்தது. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளையும் அதே ஆண்டு டாக்டர் சீட்டுக் கட்டாயமான அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், டிரக் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எந்தத் தட்டு காலியாக இருக்கும் என்பதும் தெரியும். இந்த அரைகுறை வைத்தியத்தின் நடுவே டெர்பினஃபைனுக்கும் அசையாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவி, இன்று வெளிநாடுகளுக்கும் போய்விட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா. பெருமைப்பட ஒன்றுமில்லை.

2021 மே மாதத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலையில் சர்க்கரையும் ஸ்டீராய்டும் கூடிய உடம்புகளில் கருப்புப் பூஞ்சை ஏறி, மூக்கிலிருந்து கண்ணுக்குப் போய், தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காக ஆட்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். உங்களுக்கும் போன் வந்திருக்கும். ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து என்பதும், கேட்பாரற்றுப் போனால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும் என்பதும் ஒரே மாதத்தில் தெரிந்துபோனது.

சரி, நான் கேட்பது என்ன? கடையை மூடச் சொல்லவில்லை.

கண்ணோடு ஒருவர் வந்தால், மருந்து எடுக்கும் முன் ஒரு கேள்வி: "என்ன பட்டுச்சு?" சருகு, கருக்கு, முள், மண், மாட்டு வால், எதுவாக இருந்தாலும், பட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகி இன்னும் சிவப்போ வலியோ இருந்தால், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால், அவருக்கு எந்தச் சொட்டும் தராதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததைச் சீட்டு இல்லாமல் யாருக்கும் தராதீர்கள். வீட்டில் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டிருந்தால், நாக்கால் தூசி எடுத்திருந்தால் திட்டாமல் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கிய குப்பிகளையும் அதே பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், லேபில் எங்களுக்கு அது பாதி வேலை. அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஏரல் முதல் சாயர்புரம் வரை எல்லாக் கடைக்காரரும் ஒரே பதிலைச் சொல்வது. சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் முடிகிற காரியம்.

நேட்டமைசின் வாங்கி வையுங்கள், ஆனால் சீட்டோடு வருகிறவருக்கு. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்த மருந்து அது. கிராமத்துக் கடையில் இல்லாததால் ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு நாள் இழை வளரும். கொடுக்கும்போது குப்பியைக் குலுக்கிக் காட்டிக் கொடுங்கள். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கிற தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும், மருந்து அடியில் கிடக்கும். முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு என்று டாக்டர் எழுதியிருந்தால், "அவ்வளவு வேண்டாம், மூணு வேளை போதும்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அந்த மருந்து ஆழமாக இறங்காது என்பதால்தான் விடாமல் விடச் சொல்கிறார்கள். சிவப்பு போனாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டாவது குப்பிக்கு அவர் எந்த நாளில் வர வேண்டும் என்று உங்கள் நோட்டில் குறித்து வைத்து, வராவிட்டால் ஒரு போன் போடுங்கள். கடன் பாக்கிக்குப் போடுகிற போன்தானே.

இன்னொன்று. ஒரே சீட்டில் இரண்டு பூஞ்சை மருந்து எழுதியிருந்தால் இந்த மடலைக் காட்டி ஒன்றை வெட்டிவிடாதீர்கள். அதை எழுதியவர் ஸ்லைடைப் பார்த்து எழுதியிருப்பார். வோரிகோனசோல் மாத்திரை எழுதியிருந்தால் மட்டும், அவர் சர்க்கரைக்கோ வலிப்புக்கோ இதயத்துக்கோ வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு, சந்தேகமிருந்தால் டாக்டருக்கே போன் பண்ணுங்கள். அந்த மாத்திரை வேறு பல மருந்துகளோடு மோதும். எல்லாக் குப்பியும் கண்ணெதிரே இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், டாக்டருக்கு அது தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கண்ணை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, கசக்காமல் படுக்கச் சொல்லி, காலையில் முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்புங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. பஸ்ஸுக்குக் காசில்லை என்பவரும் இருப்பார். அந்தச் செலவை யார் பார்ப்பது என்று சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், என் பங்கை நான் தருகிறேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒரு மைக்ராஸ்கோப்பையும் நான்கு ஸ்லைடையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். காலை கடை திறக்கும் முன் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் வசதி.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன், பழைய லேப் ஆள்
சாயர்புரம்